உப்பிப்போன கெப்பாசிட்டர்: மதர்போர்டில் பழையதை எடுத்துப் புதியதை வைப்பது எப்படி

முதல் தடவை பட்டனை அழுத்தினால் எழுந்திருக்காது. நாலைந்து தடவை அழுத்திய பிறகு ஓடத் தொடங்கும், கொஞ்சம் சூடேறிவிட்டால் ஒழுங்காகவே வேலை செய்யும். அல்லது, சும்மா இருக்கும்போது சரியாக இருக்கும். கனமான வேலை கொடுத்ததும் அப்படியே உறைந்துபோகும், தானாக ரீஸ்டார்ட் ஆகும். பழைய கம்ப்யூட்டர் இப்படிப் படுத்தினால், விண்டோஸை மறுபடி போடுவதற்கு முன் பெட்டியைத் திறந்து பிராசஸரைச் சுற்றி வரிசையாக நிற்கும் சிறு உருளைகளைப் பார்த்துவிடுவது நல்லது. அவைதான் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள். மதர்போர்டில் எல்லாவற்றுக்கும் முந்தித் தேய்ந்துபோகும் பாகங்களில் அவையும் அடக்கம்.

இதை மாற்றுவது ஆரம்ப நிலையில் இருப்பவரும் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் கெடுவதற்கு இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று, கெப்பாசிட்டரின் மேல் அச்சிடப்படாத ஒரு குணம். இன்னொன்று, போர்டின் உள்ளே மறைந்திருக்கும் செப்புத் தகடு. இந்த இரண்டும் புரிந்தால் மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

அந்த உருளை அங்கே என்ன செய்கிறது

பவர் சப்ளையிலிருந்து மதர்போர்டுக்கு 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று வருகிறது. பிராசஸருக்கு வேண்டியதோ 1.2 அல்லது 1.5 வோல்ட் அளவுதான். ஆனால் கரண்ட் மிக அதிகம். 100 வாட் இழுக்கும் பிராசஸர் 1.4 வோல்ட்டில் ஓடினால் கிட்டத்தட்ட 70 ஆம்பியர் வேண்டும். இந்த இறக்கத்தைச் செய்யும் சர்க்யூட் பிராசஸருக்குப் பக்கத்திலேயே இருக்கும்: மாஸ்ஃபெட்டுகள் என்னும் மின்னணு ஸ்விட்சுகள், செப்புக்கம்பி சுற்றிய காயில்கள், அவற்றோடு கெப்பாசிட்டர்கள். மாஸ்ஃபெட்டுகள் ஒரு விநாடிக்கு லட்சக்கணக்கான தடவை ஆன் ஆகி ஆஃப் ஆகின்றன. அப்படித் துண்டு துண்டாக வரும் மின்சாரத்தைச் சமன்படுத்தித் தட்டையாகக் கொடுப்பதும், பிராசஸர் திடீரென்று அதிகம் கேட்கும்போது கையிருப்பிலிருந்து உடனே எடுத்துக் கொடுப்பதும் கெப்பாசிட்டரின் வேலை.

உருளைக்குள் இரண்டு அலுமினியத் தாள்கள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். நடுவே எலக்ட்ரோலைட் என்னும் திரவத்தில் நனைத்த காகிதம். பாசிட்டிவ் தாளின் மேல் இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம்தான் மின்சாரம் நேராகப் பாய்ந்துவிடாமல் தடுக்கிறது. திரவம் நாளாக ஆக ரப்பர் அடைப்பின் வழியே ஆவியாகிக் குறைகிறது. சூடு ஏற ஏற இது வேகமாகும். 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது பொதுவாகப் பயன்படுத்தும் கணக்கு. 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று குறிப்பிடப்பட்ட கெப்பாசிட்டர் 65 டிகிரியில் 32,000 மணி நேரம் தாங்கும். இரவு பகல் ஓடும் கம்ப்யூட்டரில் அது மூன்றரை வருடத்துக்குச் சற்று அதிகம். ஹீட்சிங்க்கின் சூடான காற்று நேராக அடிக்கும் இடத்தில் இருப்பவை முதலில் போவது இதனால்தான்.

2000-களின் முதல் பாதியில் வந்த போர்டுகளுக்குத் தனிக் கதை உண்டு. அப்போது தண்ணீர் அதிகம் கலந்த எலக்ட்ரோலைட்டோடு வந்த பல கெப்பாசிட்டர்களில், அரிப்பைத் தடுக்கும் ரசாயனம் சரியாகச் சேர்க்கப்படவில்லை. தண்ணீர் அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கியது. உள்ளழுத்தம் ஏறி, மூடி உப்பி வெடித்தது. டெல் ஆப்டிபிளெக்ஸ் ஜி.எக்ஸ்.270, ஜி.எக்ஸ்.280, ஆப்பிள் ஐமேக் ஜி5 ஆகியவை கெப்பாசிட்டர் கோளாறால் பெயர்பெற்ற மாடல்கள். பழுதான ஆப்டிபிளெக்ஸ்களைச் சரிசெய்ய 2005-இல் டெல் 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது. நல்ல பெயருள்ள கம்பெனிகளும் இதற்கு விலக்கல்ல. அந்தக் காலத்து நிச்சிகான் எச்.எம்., எச்.என். வரிசைகளும் (சீரீஸ்), கெமி-கான் கே.இஸட்.ஜி. வரிசையும் போர்டில் கண்ணில் பட்டால், பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

கெட்டதை அடையாளம் காண்பது

உருளையின் தலையில் பெருக்கல் குறி போலவோ கூட்டல் குறி போலவோ கீறல் போட்டிருக்கும். அழுத்தம் ஏறினால் அந்த இடத்தில் பிளந்து கொடுப்பதற்கான ஏற்பாடு அது. நல்ல கெப்பாசிட்டரின் தலை மட்டமாக இருக்கும். விரல் நுனியால் தடவினால் லேசான மேடுகூடத் தெரியும்; அப்படி மேடு இருந்தாலே போதும், அந்தக் கெப்பாசிட்டர் போய்விட்டது என்று அர்த்தம். கீறலில் பழுப்பு நிறப் பொருக்கு இருந்தால் சந்தேகமே வேண்டாம். சில சமயம் தலை சரியாக இருக்கும், அடிப்பக்க ரப்பர் வெளியே தள்ளி உருளை சாய்ந்து நிற்கும். அதனால் பக்கவாட்டிலிருந்தும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் கொடுக்காமலிருக்கத் தொழிற்சாலையில் அடியில் ஊற்றிய பசையைக் கசிவு என்று தவறாக நினைப்பவர்கள் உண்டு. பசை கெட்டியாக, இரண்டு மூன்று உருளைகளைச் சேர்த்துப் பிடித்தபடி இருக்கும்.

உப்பாமலேயே கெட்டுப்போவதும் உண்டு. திரவம் மெல்ல வற்றியிருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. இங்கேதான் சாதாரண மல்டிமீட்டர் ஏமாற்றுகிறது. அதில் கொள்ளளவை (மைக்ரோஃபாரட்) அளந்தால் கிட்டத்தட்ட சரியாகவே காட்டலாம். கெப்பாசிட்டரோ வேலைக்கு உதவாது. காரணம் இ.எஸ்.ஆர். என்னும் உள் எதிர்ப்பு. குடம் பெரிதுதான், ஆனால் வாய் குறுகிவிட்டது; தண்ணீர் இருந்தும் வேண்டிய வேகத்தில் ஊற்ற முடியவில்லை. மதர்போர்டுக்கு முக்கியம் அந்த வேகம்தான். குளிர்ந்த நிலையில் எலக்ட்ரோலைட்டின் எதிர்ப்பு இன்னும் கூடும். முதலில் எழுந்திருக்காத கம்ப்யூட்டர் சூடேறியதும் ஓடுவதற்கு விளக்கம் இதில் இருக்கிறது.

இ.எஸ்.ஆரை அளக்கத் தனி மீட்டர் வேண்டும். வழக்கமாக 100 கிலோஹெர்ட்ஸில் அளப்பார்கள். ஆனால் பிராசஸரைச் சுற்றியுள்ள கெப்பாசிட்டர்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பேரலலாக இணைந்தவை. ஐந்தில் ஒன்று செத்திருந்தாலும் மற்ற நான்கும் சேர்ந்து நல்ல எண்ணைக் காட்டிவிடும். எனவே ஒன்று உப்பியிருந்தால் அந்த வரிசை முழுவதையும் மாற்றுங்கள். எல்லாம் ஒரே வயது, ஒரே சூட்டில் இருந்தவை.

போர்டில் கைவைக்கும் முன் இன்னொரு சோதனை: வேலை செய்வது நிச்சயம் என்று தெரிந்த வேறொரு பவர் சப்ளையை மாட்டிப் பாருங்கள். பவர் சப்ளைக்குள்ளும் இதே வகைக் கெப்பாசிட்டர்கள்தான், கெட்டால் அறிகுறிகளும் ஏறக்குறைய இதே. ஆனால் அதைத் திறந்து பழுதுபார்ப்பது ஆரம்ப நிலை வேலை அல்ல. அதன் மெயின் பக்கக் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கலாம். உயிருக்கே ஆபத்து. முழுதாக மாற்றிவிடுங்கள்.

எதை வாங்குவது

உருளையின் மேல் இரண்டு எண்கள் இருக்கும். 1500 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட் என்பது போல. சிலர் அந்த இரண்டை மட்டும் பார்த்து, எந்தக் கெப்பாசிட்டர் கிடைத்தாலும் போட்டுவிடுகிறார்கள். போர்டு ஓடத்தான் செய்யும். பிறகு புதுக் கெப்பாசிட்டர் சூடாகி உப்பும், பழுது மறுபடி அதே இடத்துக்கு வந்து நிற்கும்.

வோல்ட் அளவு பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையவே கூடாது. 12 வோல்ட் வந்து சேரும் பக்கத்தில் 16 வோல்ட் கெப்பாசிட்டர்களும், பிராசஸருக்குப் போகும் பக்கத்தில் 6.3 அல்லது 4 வோல்ட் கெப்பாசிட்டர்களும் இருப்பது வழக்கம். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், பார்வைக்கு ஒரே மாதிரி நிற்கும். இடம் மாற்றி வைத்தால் 6.3 வோல்ட் உருளை 12 வோல்ட்டில் மாட்டி வெடிக்கும். மைக்ரோஃபாரட் அளவு அதே எண்ணாக இருப்பது நல்லது; சுமார் 20 சதவீதம் கூடினாலும் பாதகமில்லை.

இ.எஸ்.ஆர். உருளையின் மேல் எழுதியிருக்காது. அதைத் தயாரிப்பாளரின் டேட்டாஷீட் என்னும் விவரத்தாளில்தான் பார்க்க வேண்டும். போர்டில் இருக்கும் பழைய கெப்பாசிட்டரின் கம்பெனிப் பெயரையும் வரிசை எழுத்துகளையும் குறித்துக்கொண்டு, அதன் டேட்டாஷீட்டில் இ.எஸ்.ஆரும் ரிப்பிள் கரண்ட்டும் (கெப்பாசிட்டர் தாங்கக்கூடிய ஏறியிறங்கும் மின்னோட்டம்) எவ்வளவு என்று பாருங்கள். சில கம்பெனிகள் இ.எஸ்.ஆருக்குப் பதில் 100 கிலோஹெர்ட்ஸில் இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கு உள்ள மொத்த எதிர்ப்பு) என்று போட்டிருக்கும். நம் தேவைக்கு இரண்டையும் ஒன்றாகவே வைத்து ஒப்பிடலாம். புதியது அந்த மதிப்பில் சமமாகவோ குறைவாகவோ இருக்க வேண்டும், ரிப்பிள் கரண்ட் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும். பிராசஸர் வரிசையில் இருக்கும் கெப்பாசிட்டர்களுக்குப் பொதுவாக 10 முதல் 20 மில்லிஓம் அளவு. 85 டிகிரி என்று போட்ட சாதாரண வகையில் இது பல மடங்கு அதிகம். அதை இங்கே போடவே கூடாது. ரூபிகான் எம்.பி.இஸட்., எம்.சி.இஸட். ஆகியவை மதர்போர்டுக்கென்றே வந்த வரிசைகள். பானாசோனிக் எஃப்.எம்., எஃப்.ஆர். போன்றவை குறைந்த இம்பீடன்ஸ் உள்ளவை என்றாலும் பிராசஸர் வரிசைக்கு எடுக்கும் முன் டேட்டாஷீட் எண்ணை ஒப்பிட்டே ஆக வேண்டும். போர்டின் மற்ற இடங்களுக்குத் தாராளமாகப் போதும்.

அளவும் பொருந்த வேண்டும். விட்டம் 8 மி.மீ. என்றால் இரு கால்களுக்கு இடையே 3.5 மி.மீ.; 10 மி.மீ. என்றால் 5 மி.மீ. உயரம் கூடினால் ஹீட்சிங்க்கிலோ கிராஃபிக்ஸ் கார்டிலோ இடிக்கும். வாங்கும் முன் ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். பேர் போன வரிசைகளில் போலிகள் ஏராளம் என்பதால், எங்கிருந்து வந்தது என்று காட்டக்கூடிய அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் வாங்குவதே சரி.

திரவமே இல்லாத பாலிமர் கெப்பாசிட்டரைப் போடலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். பிராசஸர் வரிசைக்குப் போடலாம், நீண்ட நாள் உழைக்கும். அதன் இ.எஸ்.ஆர். 5 முதல் 10 மில்லிஓம் அளவில் இருப்பதால் மைக்ரோஃபாரட் குறைந்தாலும் தாங்கும். 1500 மைக்ரோஃபாரட் 6.3 வோல்ட் இருந்த இடத்தில் 820 மைக்ரோஃபாரட் 2.5 வோல்ட் பாலிமர் வைப்பது பழக்கத்தில் உள்ள மாற்று. ஆனால் அந்த இடத்தில் உண்மையில் எத்தனை வோல்ட் வருகிறது என்று உறுதி செய்த பிறகே. ரேம் பக்கத்தில் இருப்பது பிராசஸர் வரிசை அல்ல: டி.டி.ஆர். முதல் தலைமுறை ரேம் 2.5 வோல்ட்டிலேயே ஓடுவது, அங்கே 2.5 வோல்ட் பாலிமர் வைத்தால் மிச்சமே இல்லை. இன்னொரு எச்சரிக்கை: சிறு லீனியர் ரெகுலேட்டர்களின் (ஸ்விட்ச் செய்யாமல் வோல்ட்டைக் குறைத்து நிலையாக வைக்கும் பாகங்கள்) வெளியீட்டில் இருக்கும் கெப்பாசிட்டருக்கு ஓரளவு இ.எஸ்.ஆர். தேவைப்படலாம். அங்கே பாலிமர் வைத்தால் ரெகுலேட்டர் நிலையில்லாமல் அலைபாயக்கூடும். அங்கெல்லாம் பழைய வகையே போதும்.

கழற்றுவது

பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். பிராசஸர், ரேம், பட்டன் பேட்டரி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, போர்டைப் பெட்டியிலிருந்து முழுதாக வெளியே எடுங்கள். நிலைமின்சாரம் பாகங்களைக் கெடுக்காமலிருக்க மணிக்கட்டுப் பட்டை அணிவது நல்லது. பிறகு, எதையும் தொடுவதற்கு முன், போர்டைப் பல கோணங்களில் போட்டோ எடுத்துவையுங்கள். ஒவ்வொரு உருளையிலும் கோடு போட்ட பக்கம் நெகட்டிவ். போர்டில் அச்சிட்ட வட்டத்தில் வெள்ளை அடித்த பாதியும் பெரும்பாலும் நெகட்டிவ்வைக் குறிக்கும். இந்தப் ‘பெரும்பாலும்’ கவனிக்க வேண்டிய சொல். தலைகீழாக அச்சிட்ட போர்டுகளும் இருக்கின்றன. அச்சை நம்புவதைவிட, பழைய கெப்பாசிட்டர் நின்ற விதத்தை நம்புங்கள். 80-களின் போர்டுகளில் சொட்டு வடிவ டான்டலம் கெப்பாசிட்டர் இருந்தால் அதன் குறி பாசிட்டிவ் பக்கத்தைக் காட்டும், நேர் எதிர்.

இனி அந்த மறைந்திருக்கும் செப்புத் தகடு. மதர்போர்டு பல அடுக்குகளால் ஆனது. உள் அடுக்குகளில் கிரவுண்டுக்கும் பவருக்கும் முழுப் பரப்புத் தகடுகள் ஓடும். கெப்பாசிட்டரின் நெகட்டிவ் கால் கிரவுண்டுத் தகட்டோடு இணைந்திருப்பதால், நீங்கள் கொடுக்கும் சூட்டை அது உறிஞ்சிப் போர்டு முழுக்கப் பரப்பிவிடும். ரேடியோ பழுதுபார்க்கும் 25 வாட் அயர்ன் இங்கே தோற்றுப்போகும். அரைகுறையாக உருகிய நிலையில் பொறுமை இழந்து இழுத்தால், துளையின் உட்சுவரில் பூசிய செப்புக்குழல் காலோடு பிய்த்துக்கொண்டு வரும். உள் அடுக்கோடு இருந்த தொடர்பு அதோடு போய்விடும், அதைத் திருப்பி உண்டாக்குவது ஏறக்குறைய முடியாத காரியம். கெப்பாசிட்டர் மாற்றும்போது போர்டு செத்துப்போவது அதிகமும் இப்படித்தான்.

60 வாட் அல்லது மேற்பட்ட, வெப்பநிலை கட்டுப்படுத்தும் சால்டரிங் ஸ்டேஷன் வேண்டும். முனை ஊசி போல இருக்கக் கூடாது, 3 மி.மீ. அகலமுள்ள உளி முனை. 370 முதல் 400 டிகிரி வரை வையுங்கள். 2006-க்குப் பிறகு வந்த பெரும்பாலான போர்டுகளில் ஈயம் இல்லாத சால்டர். அது உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். 63/37 ஈயச் சால்டர் 183 டிகிரியில் உருகும். எனவே கழற்றும் முன் ஒவ்வொரு காலிலும் கொஞ்சம் ஃப்ளக்ஸ் (சால்டர் நன்றாக ஒட்ட உதவும் பசை) தடவி, புதிதாக ஈயச் சால்டரை உருக்கிச் சேருங்கள். பழையதோடு கலந்து உருகுநிலை இறங்கும். குண்டாக நிற்கும் உருகிய சால்டர் சூட்டையும் நன்றாகக் கடத்தும். இந்த ஒரு படியைத் தாண்டிப் போகாதீர்கள். முடிந்தால் ஹாட் ஏர் கன்னால் போர்டின் அந்தப் பகுதியை 80 - 100 டிகிரிக்கு முன்கூட்டியே சூடாக்கினால் பாதி வேலை எளிதாகும்.

போர்டை நிமிர்த்திப் பிடித்து, ஒரு கையில் உருளையை மெல்லப் பற்றிக்கொள்ளுங்கள். சூடேறும், கையுறை வேண்டும். பின்பக்கம் ஒரு காலைச் சூடாக்கி, சால்டர் பளபளவென்று உருகியதும் உருளையை மறுபக்கமாக ஒரு மி.மீ. சாய்க்கவும். அடுத்த காலைச் சூடாக்கி எதிர்ப்பக்கம் சாய்க்கவும். மாறி மாறி இப்படிச் செய்தால் மூன்று நான்கு முறையில் தானாகக் கழன்று வரும். இழுக்கும் உணர்வே இருக்கக் கூடாது. கால்கள் நெருக்கமாக இருந்தால் இரண்டையும் ஒரே சால்டர் துளியால் இணைத்து, அகல முனையால் ஒன்றாக உருக்கியும் எடுக்கலாம். பத்து விநாடிக்குள் உருகவில்லை என்றால் அயர்னை எடுத்துவிட்டுப் போர்டை ஆறவிடுங்கள், இன்னும் கொஞ்சம் சால்டரும் ஃப்ளக்ஸும் சேர்த்து மறுபடி வாருங்கள்.

துளையில் சால்டர் அடைத்துக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் அயர்னை வைத்து முழுதாக உருக்கி, மறுபக்கத்திலிருந்து சால்டர் சக்கரால் உறிஞ்சவும். வராவிட்டால் புதுச் சால்டர் நிரப்பி மறுபடி முயலுங்கள். நிரம்பிய துளையை உறிஞ்சுவது அரைகுறைத் துளையை உறிஞ்சுவதைவிட எளிது. கடைசியாக, உருகிய நிலையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஊசியை நுழைத்துச் சுழற்றினால் வழி பிறக்கும். ஸ்டீலில் சால்டர் ஒட்டாது. டிரில் மட்டும் போடாதீர்கள், துளைக்குள் இருக்கும் செப்புக்குழலை அது சீவிவிடும்.

கசிந்த எலக்ட்ரோலைட் இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத்பிரஷும் கொண்டு தேய்த்து எடுங்கள். விட்டால் அருகிலுள்ள ட்ராக்குகளை அரிக்கும்.

புதியதை வைப்பதும் சோதிப்பதும்

கோடு போட்ட பக்கம் பழையது இருந்த பக்கத்துக்கே வர வேண்டும். போட்டோவோடு இருமுறை ஒப்பிடுங்கள். உருளை போர்டில் மட்டமாக உட்கார்ந்த பிறகு பற்றவையுங்கள். பின்பக்கம் வைத்த சால்டர் துளை வழியே ஏறி மேல்பக்கம் எட்டிப் பார்த்தால் பிடிப்பு சரி. மேலே வரவில்லையென்றால் சூடு போதவில்லை, இன்னும் கொஞ்சம் ஃப்ளக்ஸ் தேவை. காலை 1.5 முதல் 2 மி.மீ. விட்டு வெட்டுங்கள்; நீளமாக விட்டால் பெட்டியின் தகட்டில் முட்டி ஷார்ட் ஆகும்.

பிராசஸரை மாட்டும் முன், மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து ஒவ்வொரு கெப்பாசிட்டரின் இரு கால்களுக்கிடையே பாருங்கள். பூஜ்ஜியம் காட்டினால் எங்கோ சால்டர் பாலம் கட்டியிருக்கிறது அல்லது மாஸ்ஃபெட் ஷார்ட். பிராசஸர் மாட்டிய பிறகு அந்த வரிசையில் சில ஓம்களோ அதற்கும் கீழேயோ காட்டுவது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

முதல் முறை பவர் கொடுக்கும்போது கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், முகத்தைப் போர்டுக்கு மேல் வைக்காதீர்கள்; தலைகீழாக மாட்டிய கெப்பாசிட்டர் சில விநாடிகளில் வெடிக்கக்கூடும். பிராசஸர், அதன் ஃபேன், ஒரு ரேம் மட்டும் போதும். முப்பது விநாடி ஓடவிட்டு நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, புது உருளைகளை விரலால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அது தலைகீழாகவோ தவறான வோல்ட்டிலோ இருக்கிறது. எல்லாம் குளிர்ச்சியாக இருந்து பயாஸ் திரை வந்துவிட்டால், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலை ஓர் இரவு முழுவதும் ஓடவிடுங்கள். திரையே வரவில்லை, ஆனால் ஷார்ட்டும் இல்லை என்றால் பிராசஸருக்குப் பக்கத்துக் காயிலின் ஒரு முனையில் வோல்ட் வருகிறதா என்று அளந்து பாருங்கள். அங்கே ஒன்றுமே வராவிட்டால், கெட்ட கெப்பாசிட்டர்களோடு நெடுநாள் ஓடியதில் மாஸ்ஃபெட்டோ அதை இயக்கும் ஐ.சி.யோ போயிருக்க வாய்ப்புண்டு. அடுத்து தேட வேண்டிய இடம் அதுதான்.